யோனாவும் பஞ்சமி நிலமும்

ஞாயிறு பள்ளியில் யோனா கதை என்றால் மீன்தான். பெரிய மீன் விழுங்கியது, மூன்று நாள் கழித்துக் கரையில் கக்கியது. சேலம் பக்கத்துச் சேரிக் கோவிலில் நான் கேட்டதும் அவ்வளவே. நினிவே நகரம் அழியப்போகிறது என்று யோனா அறிவித்ததும் ராஜா முதல் ஆடுமாடு வரை இரட்டுத் துணி உடுத்திப் பட்டினி கிடந்தார்கள், கடவுள் மன்னித்தார் என்ற பகுதியை வாத்தியார் வேகமாகத் தாண்டிவிடுவார்.

யூதர்கள் யோனாவின் புத்தகத்தை ஆண்டுதோறும் யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாளின் பிற்பகலில் வாசிக்கிறார்கள். சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட அவர்களுடைய மிஷ்னாவில் ஒரு காட்சி உண்டு. மழை பொய்த்து ஊரே உபவாசம் இருக்கும் நாளில், தலையில் சாம்பலோடு நிற்கும் கூட்டத்திடம் மூத்தவர் ஒருவர் பேசுகிறார். நினிவேக்காரர்களின் இரட்டையும் பட்டினியையும் கடவுள் பார்த்தார் என்று எழுதவில்லை, அவர்களுடைய செய்கையைப் பார்த்தார் என்றுதான் எழுதியிருக்கிறது என்கிறார்.

என்ன செய்கை? கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்பது நினிவே ராஜாவின் கட்டளை. தல்மூதில் சாமுவேல் என்ற அறிஞர் இதற்குச் சொல்லும் பொருள் இது: ஒருவன் உத்திரம் ஒன்றைத் திருடி, அதை வைத்து மாளிகையே கட்டியிருந்தாலும், மாளிகையை இடித்து உத்திரத்தை உரியவனிடம் கொடுக்க வேண்டும். எருசலேம் தல்மூதில் யோகனான் இன்னும் கறாரானவர். நினிவேக்காரர்கள் கையில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், பெட்டிக்குள் பூட்டி வைத்ததைக் கொடுக்கவில்லை என்று சந்தேகப்படுகிறார். எனக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது.

நம் பக்கமும் இரட்டு உடுத்தும் நாட்கள் உண்டு. ஆகஸ்ட் 15 அன்று கோவில்களில் சமபந்தி விருந்து. ஊருக்கும் சேரிக்கும் மோதல் என்றால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிக் கூட்டம், கையெழுத்து, டீ. எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போகிறோம். பெட்டி பூட்டியபடியே இருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பது பஞ்சமி நிலம். கௌடி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமார் செங்கல்பட்டில் நம் மக்களின் நிலமின்மையைப் பற்றி விடாமல் எழுதினார்கள். அங்கே கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். 1892-ல் அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. கடனுக்கும் கைநாட்டுக்கும் அந்த நிலம் எப்படிப் போனது என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள்.

"கோழிப்பண்ணை கட்டியாச்சு, போர் போட்டாச்சு, இப்ப இடிக்கச் சொல்றியா தம்பி?" என்று நம்மிடம் கேட்பார்கள். ரபிகளும் இதே கேள்வியில் மோதிக்கொண்டார்கள். ஷம்மாய் பள்ளி, இடித்துக் கொடு என்றது. ஹில்லேல் பள்ளி, உத்திரத்தின் விலையைக் கொடுத்தால் போதும், இல்லாவிட்டால் எவனும் திருந்த முன்வரமாட்டான் என்றது. ஹில்லேல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்திலும் பறிகொடுத்தவனுக்குக் காசு போய்ச் சேர வேண்டும். காலம் ஆகிவிட்டது, சும்மா வைத்துக்கொள் என்று இரண்டு பள்ளியுமே சொல்லவில்லை. அதோடு, உத்திரத்துக்குப் பதில் இன்னொரு உத்திரம் வாங்கலாம். நிபந்தனை நிலத்துக்கு விலை பேசவே மற்றவருக்கு உரிமை கிடையாது. இந்த விஷயத்தில் நான் ஷம்மாய் கட்சி.

காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவர்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, நிலத்தைக் கேட்டார்கள்.

அடுத்த அமைதிக் கூட்டத்துக்குப் போகும் தோழர்கள், போவதற்கு முன்பே உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நிபந்தனை ஒப்படை என்று குறித்த சர்வே எண்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டீ வரும் நேரத்தில் எடுத்து மேசைமேல் வையுங்கள்.