பயிற்சியும் ஒரு உபயம்தான்



பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைங்களை உற்சாகக் குழுவில், அதாங்க சியர்லீடிங்கில், சேர்த்திருக்கும் பெற்றோர் தயவுசெய்து கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. மத்தவங்களும் படிக்கலாம். உருமி மேளம், கோலாட்டம், தேவார வகுப்பு, எதில் சேர்த்திருந்தாலும் இது பொருந்தும்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஒரு குழுவுக்குப் பிள்ளையின் பெயரைக் கொடுத்துட்டா, பயிற்சிக்கு அனுப்புறது நம்ம வசதியைப் பார்த்துச் செய்ற காரியம் இல்லை. அது மத்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு நாம கொடுத்த வாக்கு. வாக்குக் கொடுத்தா காப்பாத்தணும். முடியாதுன்னா முதல்லயே சொல்லிடணும்.

சனிக்கிழமை மதியம் நம்ம ஆலய மண்டபத்தில் பிள்ளைங்க பயிற்சி செய்றதைப் பார்த்திருப்பீங்க. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான 'பாசுக்கான் சோராக்' குழு அது. கேமரன் மலை மழை நமக்குத் தெரியாததா? திடல் பாதி நாள் சேறாத்தான் கிடக்கும். அதனால மண்டபத்தில் மெத்தை விரிச்சுப் பழகுறாங்க. பெயர் கொடுத்தவங்க 16 பேர். ஒரு வாரம் 11 பேர் வர்றாங்க, அடுத்த வாரம் 13 பேர். போன வாரம் வந்தவங்க இந்த வாரம் இல்லை. பயிற்சி கொடுக்கும் பெண் சம்பளம் வாங்காம கீழே ரிங்லெட்டிலிருந்து ஏறி வருது. வந்து, போன வாரம் சொல்லிக் கொடுத்ததையே திரும்பச் சொல்லிக் கொடுத்துட்டுப் போகுது. பிள்ளைங்க எப்போ முன்னேறும்?

"ஒரு பிள்ளை வரலைன்னா என்னங்க குறைஞ்சு போச்சு? மத்ததுங்க பழகட்டுமே" என்று ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதில் சொல்றேன்.

ஓட்டப்பந்தயப் பயிற்சிக்கு ஒருத்தர் வரலைன்னா நஷ்டம் அவருக்கு மட்டும். பூப்பந்தில்கூட வேற ஆளோட ஆடிக்கலாம். சியர்லீடிங் அப்படி இல்லை. பிள்ளையைத் தூக்கி நிறுத்தும் ஆட்டத்தில் பொதுவா நாலு பேர் ஒரு கூட்டு. ரெண்டு பேர் கீழே நின்னு தாங்குவாங்க, ஒருத்தர் பின்னால நின்னு பிடிப்பார், ஒருத்தர் மேலே நிற்பார். எட்டு வரைக்கும் எண்ணி, அந்த எண்ணிக்கைக்குத் தூக்கி, அந்த எண்ணிக்கைக்கே இறக்கணும். இந்த நாலில் ஒண்ணு வரலைன்னா மிச்ச மூணும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உங்க வீட்டில் ஒரு பிள்ளை தூங்கினா, மண்டபத்தில் மூணு பிள்ளைங்களோட மதியம் வீணாப் போகுது. மழையில் நனைஞ்சு வந்த பிள்ளைங்க அதுங்க.

நம்ம பின்னல் கோலாட்டத்தை நினைச்சுப் பாருங்க, சட்டுன்னு புரியும். மேலே இருந்து தொங்கும் கயிறு ஒவ்வொண்ணையும் ஒரு பிள்ளை பிடிச்சிருக்கும். பாதிப் பேர் வலமா, பாதிப் பேர் இடமா, உள்ளே வெளியேன்னு மாறி மாறி ஆடினாத்தான் பின்னல் விழும். அதே வழியில் திரும்ப ஆடினாத்தான் அவிழும். ஒரு பிள்ளை இல்லைன்னா அந்தக் கயிறு சும்மா தொங்கும், பின்னலே சிக்கலாகும். அந்தக் காலத்துப் பாட்டிமாருங்க கோலாட்டத்துக்குப் பிள்ளையை விட்டா, நவராத்திரி முடியும் வரைக்கும் வேற வேலை வைக்க மாட்டாங்க. சியர்லீடிங்கும் அதே கணக்குத்தான். இங்கே கயிற்றுக்குப் பதிலா மேலே நிற்கிறது ஒரு பிள்ளையோட உடம்பு.

என்னை இந்தப் பதிவு எழுத வைத்ததே அந்த உடம்புதான். பழகின பிள்ளை வரலைன்னா சும்மா நிற்கிற யாரையாவது இழுத்து அந்த இடத்தில் நிறுத்தத் தோணும். போட்டி நெருங்கும்போது இந்த ஆசை இன்னும் ஜாஸ்தியாகும். புதுசா வந்தவளுக்கு எந்த எண்ணிக்கையில் முட்டியை மடக்கணும்னு தெரியாது, மேலே நிற்பவள் சாய்ந்தா எந்தப் பக்கம் கை நீட்டணும்னு தெரியாது. கீழே விழுறது யார் பிள்ளை? வராத பிள்ளை இல்லை. ஒழுங்கா வந்த பிள்ளை.

இது நான் சும்மா கிளப்பும் பயம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2012-இல் சியர்லீடிங் காயங்களைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இதை விளையாட்டாவே நடத்தணும், பயிற்சி பெற்ற பயிற்றுநர் கூட இருக்கணும், கெட்டியான, ஈரமான, மேடு பள்ளமான தரையில் ஆளைத் தூக்கக் கூடாது, ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு அதில் சொன்னாங்க. மும்பையில் கோகுலாஷ்டமிக்குத் தயிர்ப்பானை உடைக்கும் தஹி ஹண்டி இருக்கே, ஆள் மேல் ஆள் ஏறி நிற்பாங்க. அந்தக் கோவிந்தா குழுக்களும் விழாவுக்கு வாரக்கணக்கில் முன்னாடியே பழக ஆரம்பிச்சிடுவாங்க. அங்கேயும் விழுந்து அடிபட்டு, வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்களை ஏற்றக் கூடாதுன்னு ஆயிருக்கு. சாமி பெயரில் செய்தாலும் பழகாத கை பழகாத கைதான்.

இன்னொண்ணு. "இதெல்லாம் ஒரு விளையாட்டா? கையில் பூச்செண்டு வச்சுக் கத்துறதுதானே" என்று சில அண்ணன்மார் சிரிக்கிறாங்க. 1898-இல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இது தொடங்கினப்போ கூட்டத்தைக் கத்த வைக்கிறதுதான் வேலை, அதுவும் ஆண்கள் செய்த வேலை. இன்னைக்கு அது வேற. அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2021 ஜூலையில் அனைத்துலக சியர் சங்கத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தாச்சு. நம்ம நாட்டிலேயே 2000-ஆம் ஆண்டு ஸ்டார் நாளிதழ் பள்ளிப் பிள்ளைங்களுக்காகப் போட்டி நடத்த ஆரம்பிச்ச பிறகு எத்தனையோ இடைநிலைப்பள்ளிகளில் குழுக்கள் வந்திடுச்சு. பெரும்பாலும் பட்டணத்துப் பள்ளிங்க. தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு இந்த வாய்ப்பு லேசில் வராது. வந்த வாய்ப்பை வருகைக் குறைவால் இழக்கலாமா?

படிப்புக் கணக்கும் பார்த்துக்கோங்க. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாடம். பள்ளியில் புறப்பாடத்துக்குப் புள்ளி போடும்போது வருகையையும் சேர்த்துத்தான் கணக்குப் பண்றாங்க. பெயர் மட்டும் கொடுத்துட்டு வராம இருந்தா அதுவும் கிடைக்காது.

சரி, நாம சொல்லும் சாக்குகளுக்கு வர்றேன். யாரையும் குத்திக் காட்ட இல்லை. எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான்.

"போட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடி வந்தாப் போதாதா?" போதாது. பாட்டு மனப்பாடம் பண்ண ரெண்டு வாரம் போதும். கையும் காலும் பயமில்லாம ஒருத்தரை ஒருத்தர் நம்புறதுக்கு மாசக்கணக்கு ஆகும்.

"மார்க் குறைஞ்சு போச்சு, அதான் பயிற்சியை நிறுத்திட்டேன்." இதைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன். தண்டனை கொடுக்கணும்னா கைப்பேசியை எடுத்து வச்சிடுங்க, தொலைக்காட்சியை நிறுத்திடுங்க. அது உங்க வீட்டோட முடிஞ்சிடும். பயிற்சியை நிறுத்தினா, தப்பே பண்ணாத மூணு பிள்ளைங்களுக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்த மாதிரி. அதோட, 'கொடுத்த வாக்கைக் கோபம் வந்தா உடைக்கலாம்' என்ற பாடத்தையும் நாமே சொல்லிக் கொடுக்கிறோம்.

"வயசுக்கு வந்துட்டா, இனி வேணாம்." சொல்லும் தாயின் மனசு எனக்குப் புரியுது. உடுப்பைப் பற்றிய கவலைதான் முக்கால்வாசி. அதை முதல் கூட்டத்திலேயே பேசிடலாமே. நீளக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டு ஆடும் குழுக்கள் நம்ம நாட்டிலேயே நிறைய இருக்கு. உடுப்பைத் தீர்த்தா முடியும் விஷயத்துக்காக, பாதியில் ஒரு பெண்பிள்ளையை வீட்டோட உட்கார வைக்காதீங்க. அவளோட ஆசையும் போகுது, அவளை நம்பி நிற்கும் கூட்டும் போகுது.

சொந்தக்காரங்க கல்யாணம், காதுகுத்து இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். காய்ச்சல், கால்வலின்னா கண்டிப்பா அனுப்பாதீங்க. வலியோட வந்து தூக்கினா இன்னும் ஆபத்து. ஆனா முதல் நாள் ராத்திரியே சொல்லிடுங்க. ரெண்டு மணிப் பயிற்சிக்கு ரெண்டே கால் மணிக்கு வாட்சாப்பில் 'சாரி' போடாதீங்க.

இப்போ மறுபக்கத்தையும் பேசணும். எல்லாப் பெற்றோரும் அக்கறை இல்லாம இல்லை. சிலருக்கு மோட்டார்சைக்கிள்தான் இருக்கு, மழையில் பின்னால பிள்ளையை வச்சு மலைப்பாதையில் வர முடியாது. சிலர் சனிக்கிழமையும் வேலைக்குப் போறாங்க. பள்ளி விடுமுறை வந்தா சுற்றுப்பயணிகள் கார் நெரிசலில் பிரிஞ்சாங் பக்கமிருந்து அரை மணிப் பயணம் ரெண்டு மணி ஆகுது. தனியா பிள்ளை வளர்க்கும் தாயும் இருக்காங்க. அவங்களிடம் போய் "உங்களுக்குப் பொறுப்பு இல்லையா" என்று கேட்டா அது பாவம். வராததுக்குக் காரணம் மனசா, வண்டியான்னு முதல்ல கேட்கணும். மனசு காரணம்னா பெற்றோர் திருந்தணும். வண்டி காரணம்னா நாம எல்லாரும் சேர்ந்து தீர்க்கணும். அதுக்குத்தானே ஆலயம் இருக்கு?

நம்ம தாத்தா பாட்டிக்கு வருகையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கி, இந்த மலையில் தோட்டம் தோட்டமாய்த் தேயிலை ஏறின காலம் அது. இருட்டோட எழுந்து பெரட்டுக்குப் போய் நிற்கணும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா அன்னைக்குக் கூலி போச்சு. அது பயத்தில் வந்த ஒழுங்கு. அந்தப் பயம் நம்ம பிள்ளைங்களுக்கு வேணாம்னுதான் அவங்க முதுகு வளைஞ்சு கொழுந்து கிள்ளினாங்க. பயம் போன இடத்தில் ஒழுங்கும் சேர்ந்து போயிடக் கூடாது. பயத்துக்காக நின்றவங்களோட பேரப்பிள்ளைங்க, பக்கத்தில் நிற்கும் தோழிக்காக நிற்கட்டும்.

நமக்கு இது தெரியாத ஒழுங்கும் இல்லை. திருவிழா உபயம் எடுத்த குடும்பம் அந்த நாளைத் தவற விடுமா? யார் வீட்டில் என்ன விசேஷம் இருந்தாலும் உபயம் நடக்கும். முடியலைன்னா அண்ணன் தம்பியாவது வந்து நடத்திக் கொடுப்பாங்க. காப்புக் கட்டினவர் திருவிழா முடியும் வரை ஊர் எல்லை தாண்ட மாட்டார். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறவங்க 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும்' என்று நடுவில் விடுவாங்களா? சாமிக்கு நாம காட்டும் அந்த உறுதியில் கால்வாசியைச் சனிக்கிழமை ரெண்டு மணி நேரத்துக்குக் காட்டினாப் போதும். பிள்ளைங்க மேடை ஏறும் அன்னைக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடிச்சுட்டு முதல் வரிசைக்கு ஓடி வர்றோம். அந்த வரிசையில் உட்காரும் உரிமை பயிற்சி நாளில்தான் சம்பாதிக்கப்படுது.

அதனால என் வேண்டுகோள்:

1. பெயர் கொடுக்கும் முன்னே வீட்டில் உட்கார்ந்து பேசுங்க. போட்டி நாள் வரைக்கும் உள்ள சனிக்கிழமைகளை நாட்காட்டியில் வட்டம் போடுங்க. தெரிஞ்ச கல்யாணம், டியூஷன், பயணம் எல்லாத்தையும் அன்னைக்கே சொல்லிடுங்க. முடியாதுன்னா இந்த வருஷம் வேணாம்னு சொல்றதும் மரியாதைதான். அடுத்த வருஷம் சேரலாம்.

2. கார் வச்சிருப்பவங்க முறை போட்டுக்குவோம். ஒரு தோட்டத்துக்கு ஒரு வண்டி, வாரம் ஒரு குடும்பம். எண்ணெய்க் காசை உபயமாக் கொடுக்க விரும்புபவங்க ஆலய அலுவலகத்தில் சொல்லலாம். அன்னதானம் மாதிரி இதுவும் தானம்தான்.

3. பயிற்றுநர் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்றுப் பிள்ளையைப் பழக்கி வைக்கட்டும். மாற்றுப் பிள்ளையும் எல்லா வாரமும் வரணும். பழகாத பிள்ளையை யாரும் நடுவில் நிறுத்த வேண்டாம். ஆள் குறைஞ்சா அன்னைக்குத் தூக்கும் ஆட்டம் இல்லை, தரையில் ஆடும் அசைவுகள் மட்டும்.

4. ஆலய நிர்வாகங்களும் பயிற்சி நேரத்தை மண்டப அட்டவணையில் எழுதி வைக்கணும். கடைசி நேரத்தில் வேற நிகழ்ச்சிக்கு மண்டபத்தைக் கொடுத்துட்டு, பிள்ளைங்களை வாசலில் நிற்க வைக்கக் கூடாது. பெற்றோரிடம் ஒழுங்கு கேட்கும் இடம் முதல்ல ஒழுங்கா இருக்கணும்.

5. மாசத்துக்கு ஒரு தடவையாவது பெற்றோர் மண்டபத்தில் உட்கார்ந்து முழுப் பயிற்சியையும் பாருங்க. உங்க பிள்ளையை யார் யார் கைகள் தாங்குதுன்னு கண்ணால் பாருங்க. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்காது.

இந்த வாரம் சனிக்கிழமை மதியம் 2 மணிக்குப் பயிற்சி. அது முடிஞ்சதும் 4 மணிக்குப் பெற்றோர் கூட்டம், தேநீர் உண்டு. வண்டி முறையை அன்னைக்கே எழுதிடலாம். வர முடியாதவங்க, வண்டி தேவைப்படுறவங்க எனக்குத் தனியா செய்தி அனுப்புங்க. கூச்சப்பட வேண்டாம், யாரிடமும் சொல்ல மாட்டேன். மாற்றுக் கருத்து இருந்தாலும் கீழே எழுதுங்க, பேசுவோம்.

எல்லாப் பிள்ளைங்களையும் முருகன் காக்கட்டும். அவங்களைக் கொண்டுவந்து விடுற வேலையை மட்டும் நாம பார்த்துக்குவோம்.

முருகா சரணம்.