ஒரு மணி நேரப் பாராளுமன்றம்

கல்லூரிகள் திறந்து முதற் பருவம் நடந்துகொண்டிருக்கும் இந்நாட்களில், நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பிள்ளைகள் வழியாக ஒரு தாள் வந்து சேர்கின்றது. ஒருநாள் கருத்தரங்கு, இருநாள் பயிலரங்கு, மாதிரிச் சபை, இளைஞர் பாராளுமன்றம் எனப் பெயர்கள் பலவாயினும், அடியில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்னும் வரி மட்டும் மாறுவதில்லை. பேனாவை எடுக்குமுன் தந்தையர் கேட்கும் கேள்விகள் இரண்டு. இதனால் மதிப்பெண் கூடுமா? இதில் அரசியல் ஏதும் உண்டா? முதற் கேள்விக்கு விடை சுருக்கமானது, பெரும்பாலும் கூடாது. இரண்டாவதையே இம்மாதம் நாம் சிறிது விரித்துக் கூற எண்ணுகின்றோம்.

இளைஞர் பாராளுமன்றம் நேற்று முளைத்ததன்று. 1962இல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு இதனைப் பரிந்துரைத்தது. 1966-67இல் டில்லிப் பள்ளிகளில் போட்டியாகத் தொடங்கிய இது, 1997-98 முதல் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் விரிந்தது. மத்திய சர்க்காரின் பாராளுமன்ற விவகார அமைச்சகமே இதனை நடத்திவருகின்றது. மாணாக்கர் 50 அல்லது 55 பேர் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எனப் பிரிந்தமர்ந்து, தம்முள் ஒருவரைச் சபாநாயகராக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல் சபை நடத்துவர். (மெய்யான மக்களவையிலும் கோரத்துக்கு வேண்டிய எண்ணிக்கை 55தான். அங்கே சில மாலைகளில் மணியடித்து ஆள் சேர்க்க வேண்டியிருக்கும். கல்லூரியில் அக்கவலை இல்லை.)

இந்த ஒரு மணியில் மிகவும் பயன் தருவது கேள்வி நேரமே என்பது நம் அபிப்பிராயம். மேடைப் பேச்சு நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. கேள்வி கேட்கத்தான் பழக வேண்டும். மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து வாய்மொழியாக விடையிறுக்க வேண்டும். அதற்கு 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். ஆகவே மந்திரி கோப்புடன் ஆயத்தமாக வருவார். ஆனால் அதைத் தொடர்ந்து எழும் துணைக்கேள்விக்கு முன்னறிவிப்பில்லை. கோப்பில் எழுதாத விடையை அங்கேதான் தேட வேண்டும். மந்திரியாக அமரும் மாணவன் இரவெல்லாம் புள்ளி விவரங்களை மனனம் செய்து வந்தும், ஒரு துணைக்கேள்வியில் வியர்த்துப் போவதுண்டு. அந்த வியர்வைக்காகவே இப்பயிற்சியைப் போற்றலாம்.

கேள்வியின் வலிமைக்கு ஒரு சான்று. 1957இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாயை முதலீடு செய்தது. இதுபற்றி மக்களவையில் கேள்விகள் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பரில் பிரோஸ் காந்தி, தாம் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராயிருந்தும், தம் சர்க்காரையே விடாது துருவினார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி ராஜிநாமாச் செய்தார். அவர் நம் தமிழகத்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அரசியலமைப்பு வரைவுக் குழுவில் அமர்ந்தவர். நம்மவர் பதவி இழந்த வரலாற்றைத் தமிழ்ச் சங்கத்துப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அன்பர்கள் மனம் கோண வேண்டாம். அவர் 1963இல் மீண்டும் நிதி மந்திரியானதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றோம்.

வெட்டுத் தீர்மானம் என்று ஒன்றுண்டு. ஓர் இலாகாவின் மானியக் கோரிக்கையில் 100 ரூபாய் குறைக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் பிரேரணை கொணர்வார். 100 ரூபாயை மிச்சப்படுத்துவது அவர் நோக்கமன்று. குறிப்பிட்டதொரு குறையைச் சபையில் பேசுவதற்கு அதுவே வாயில். இதனைப் பாடப்புத்தகத்தில் படித்து மறந்த மாணவி, தானே எழுந்து பிரேரணை செய்தபின் மறப்பதில்லை.

எல்லாக் கருத்தரங்குகளும் இவ்வாறு பயன் தருவன என்று நாம் கூறவில்லை. பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, மதிய உணவு, சான்றிதழ் என முடிந்துபோகும் கூட்டங்களையும் நாம் அறிவோம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே விளங்கும். மாணாக்கர் பேசுவதற்கு ஒதுக்கிய நேரம் தலைவர் முன்னுரையினும் குறைவாயிருந்தால், பிள்ளை அன்று வீட்டிலிருந்து படிப்பதே மேல்.

இனி, அரசியல் என்னும் அச்சம். நம் வாசகரில் பெரும்பாலோர் சர்க்கார் உத்தியோகத்தர். ரெயில்வேக் குடியிருப்புகளில் வாழ்வோரும் பலர். அத்தகைய குடும்பம் ஒன்றில், கல்லூரி இறுதியாண்டு படித்த பெண் இளைஞர் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். ‘என் உத்தியோகத்துக்கு ஆபத்து வரும்’ என்று தந்தை கையொப்பமிட மறுத்தார். கெடு நாள் கடந்தது. அவளிடம் வேறொருத்தி அமர்ந்தாள். இறுதியாண்டாதலின் அவளுக்கு மறு வாய்ப்பு வரவில்லை. தந்தை அன்பில்லாதவர் அல்லர். விதியை எவரோ சொல்லக் கேட்டாரேயன்றிப் படித்தாரில்லை.

விதி கூறுவது யாது? 1966ஆம் ஆண்டு ரெயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 5ஆவது விதி இதனைப் பற்றியது. பிற மத்திய சர்க்கார் ஊழியருக்குரிய 1964ஆம் ஆண்டு விதிகளிலும் இதே எண்ணில் இதே பொருளில் ஒரு விதி உண்டு. ஊழியர் எந்த அரசியல் கட்சியிலும் சேரலாகாது. கட்சிக்கு நன்கொடை அளித்தலும் உதவுதலும் கூடா. குடும்பத்தாரைப் பற்றிய பகுதியோ வேறு. சட்டப்படி நிறுவப்பட்ட சர்க்காரைக் கவிழ்க்க முற்படும் இயக்கங்களில் அவர்கள் சேராதபடி தடுக்க முயல வேண்டும். தடுக்க இயலாவிடில் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. கல்லூரி மண்டபத்தில் சபாநாயகரை வணங்கிக் கேள்வி கேட்பது அரசாங்கத்தைக் கவிழ்ப்பதாகாது. சர்க்காரே நடத்தும் போட்டியில் சேருவதற்குச் சர்க்கார் விதி எங்ஙனம் தடையாகும்?

எனினும் ஓர் எச்சரிக்கை. அழைப்பிதழை அனுப்பியவர் யார் என்று பாருங்கள். பல்கலைக்கழகத் துறையாயின் தயக்கம் வேண்டா. கட்சியொன்றின் மாணவர் பிரிவாயின், வயது வந்த பிள்ளை செல்வது அவர் விருப்பம். தந்தை நன்கொடைச் சீட்டு வாங்குவது விதிக்குப் புறம்பு. தேர்தற் சின்னத்தை ஊழியர் தம் உடையிலோ, வாகனத்திலோ, வீட்டிலோ காட்டுவதும் அவ்விதியின் விளக்கப்படி குற்றமே. பிள்ளை கொணர்ந்த கொடியாயினும் குடியிருப்பின் பால்கனியில் பறக்க விடாதீர்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஹிந்தி சரளமாக வராது, ஆங்கிலம் நாவில் தடுமாறும் என்று நம் பிள்ளைகள் பின்வரிசையில் ஒதுங்குகின்றனர். ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ கருத்தைச் செவ்வையாகச் சொல்ல இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அனுமதிக்கலாம் என்று அரசியலமைப்பின் 120ஆவது ஷரத்து கூறுகின்றது. மெய்ச் சபையே இடங்கொடுக்கும்போது மாதிரிச் சபையில் கூசுவானேன்? பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். மேலும் கேள்வி என்பது இரண்டு வரி. இரண்டு வரியை எம்மொழியிலும் பழகிக்கொள்ளலாம்.

நல்ல கேள்விக்கு உதாரணம் காட்டுவோம். ‘ரெயில்வே ஏன் மக்களைத் துன்புறுத்துகிறது?’ என்பது கேள்வியன்று, கூச்சல். ‘முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்ததன் காரணம் யாது? தொலைதூரம் செல்லும் குடும்பங்களுக்கு அதனால் விளைந்தது என்ன என்று ஆராயப்பட்டதா?’ என்பது கேள்வி. பொங்கலுக்கு ஊர் செல்லத் தவிக்கும் நம் வீடுகளில் இதற்குத் துணைக்கேள்விகள் பத்தாவது கிளம்பும். நாம் பணிபுரியும் இலாகாவாதலின் விடை பற்றி அபிப்பிராயம் ஏதும் கூறோம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை 4 மணிக்குச் சங்க மண்டபத்தில் ஒரு பயிற்சிச் சபை கூட்ட எண்ணம். கல்லூரி மாணவ மாணவியர் ஆளுக்கு இரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டு வரட்டும். பெற்றோர் பின்வரிசையில் அமரலாம், குறுக்கே பேசலாகாது. மந்திரிகளைப் பிள்ளைகளே தேர்ந்துகொள்வர். ரெயில்வே மந்திரியாக நம்மை மட்டும் அழைக்க வேண்டாம்.