மருந்துச் சீட்டு எங்கள் கைக்கு வர வேண்டும்: மூத்த குடிமக்கள் சங்கத்தின் கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

நகல்: மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர், மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர்

பொருள்: எங்கள் பேரூராட்சியிலுள்ள தனியார் கிளினிக்கில் மருந்து எழுதும் முறை, மருந்துச் செலவு – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அன்றாடம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். மாதம் ரூ.1,200 முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்களும் இவர்களில் உண்டு. ஊரில் மாலை வேளையில் திறந்திருக்கும் ஒரே கிளினிக்கையே நம்பியிருக்கிறோம். அங்குள்ள மருத்துவர் கைராசிக்காரர். இரவு பத்து மணிக்குப் போனாலும் முகம் சுளிக்காமல் பார்ப்பார். எங்கள் குறை அவருடைய வைத்தியத்தைப் பற்றியதல்ல, மருந்து தரப்படும் முறையைப் பற்றியது.

காய்ச்சல், சளி என்று போனால் மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரித்து, பெயர் எதுவும் எழுதாத காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். பட்டையோடு காலாவதித் தேதியும் போய்விடுகிறது. ஒவ்வாமை வந்து அரசு மருத்துவமனைக்கு ஓடினால், "என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்விக்கு "மஞ்சள் கலர் மாத்திரை" என்றுதான் சொல்ல முடிகிறது. தம்மிடம் வரும் நோயாளிக்கு மருத்துவரே மருந்து தர விதி இடம் கொடுக்கிறது; ஆனால் ஜி, எச், எக்ஸ் அட்டவணைகளில் வரும் மருந்துகள் என்றால் உறைமேல் மருத்துவர் பெயரும் முகவரியும், உட்கொள்ளும் அளவும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான்.

நாள்பட்ட நோய்களுக்குச் சீட்டு உண்டு. அதில் இருப்பது கிளினிக்கை ஒட்டிய கடைக்காரருக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்து. வேறு கடையில் நீட்டினால் "இந்த பிராண்டு எங்களிடம் இல்லை" என்கிறார்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் தனித்தனியே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. உச்சவரம்பு விலைக்கு உட்பட்டவை. எங்களுக்கு எழுதப்படுவதோ பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லாத, இரண்டையும் சேர்த்த கூட்டு மாத்திரை. கூடவே, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு சத்து மாத்திரையும் ஒரு வாயு மாத்திரையும்.

மக்கள் மருந்தகங்களில் விலை 50 முதல் 90 விழுக்காடு வரை குறைவு என்று அரசே சொல்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகமெங்கும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. "அதிலெல்லாம் பவர் இருக்காது" என்று கிளினிக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் ஆட்கள் இலவச மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு, கடன் வாங்கிக் கடைக்குப் போகிறார்கள். இதைத் தடுக்க எந்தச் சட்டமும் உதவாது. அரசு மருந்தின் தரப் பரிசோதனை பற்றி அலுவலர்கள் ஊருக்கு வந்து நேரில் விளக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

மருந்தைப் பொதுப்பெயரில், தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் கூறுகின்றன. 2023இல் வந்த புதிய விதிகள் அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிகளே நடப்பில் உள்ளன. மாவட்டத்தின் எல்லாத் தனியார் கிளினிக்குகளுக்கும் இந்த விதியை இணை இயக்குநர் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். பெயரில்லா உறைகளையும், ரசீது இல்லாத விற்பனையையும் மருந்து ஆய்வாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடையில் விலைப்பட்டியல் பார்வையில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த இடத்தில் காலண்டர் தொங்குகிறது.

மருத்துவர் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதால் அபராதமோ சீல்வைப்போ நாங்கள் கேட்கவில்லை. முதலில் அறிவுரை, பிறகு தேவைப்பட்டால் எச்சரிக்கை என்ற வரிசையில் நடவடிக்கை எடுத்து, அதன் விவரத்தை எங்கள் சங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்