பிரயாண ஏற்பாடு

வண்டி புறப்பட்ட பிறகுதான் பிரயாணம் ஆரம்பமாகிறது என்று நினைப்பவர்கள் குடும்பஸ்தர்களாக இருக்க முடியாது. குடும்பஸ்தனுக்குப் பிரயாணத்தின் கஷ்டங்களில் முக்கால் பங்கு வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. சென்ற மே மாதம் நாம் இராயபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குக் குடும்ப சகிதமாகப் புறப்பட்ட தினத்தில் இந்த உண்மை நமக்கு நன்கு விளங்கிற்று.

ஏற்பாட்டில் குறையொன்றும் வைக்கவில்லை. முன்பெல்லாம் 120 நாளைக்கு முன்னால் ரயிலில் இடம் பதிவு செய்யலாம்; 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அந்த அறுபதாம் நாள் காலையிலேயே கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து, எழும்பூரிலிருந்து போகும் இரவு வண்டியில் மூன்று இடங்கள் பிடித்திருந்தோம். இரண்டு வருஷமாகப் பேரனைப் பார்க்காத நம் மாமியார் அங்கே நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் “பதறாத காரியம் சிதறாது” என்ற பழமொழிக்கு வருஷந்தோறும் விளக்கம் சொல்லி வருகிறவர்கள் நாம். ஆகையால் தைரியத்துக்கும் குறைவில்லை.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டார் நின்றது. நல்ல வேளையாகக் கிழக்குக் கடற்கரையில் அது மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருகவேண்டும் என்பதற்காக, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. காசிமேட்டுப் படகொன்றில் இயந்திரம் பார்க்கும் அடுத்த வீட்டு நண்பர் ஆகையால் வீட்டில் இருந்தார். மோட்டாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கண்டென்சர் போயிடுச்சு சார்” என்றார். நாம் பீரோவைத் திறந்து பணம் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினோம். ஒன்பது மணிக்குத் தண்ணீர் வந்தது. பத்து மணிக்குப் பெரிய பெட்டியின் ஜிப்பு பிய்ந்தது. கல்மண்டபம் வரை அதைத் தலைமேல் சுமந்து சென்று தைத்துக்கொண்டு வந்தோம். வழியில் எதிர்ப்பட்ட நம் மாணாக்கர்கள் இருவர் வணக்கம் சொன்னார்கள். பதில் வணக்கத்துக்குக் கை ஒழிவில்லை.

ஒரு மணிக்குப் பீரோச் சாவியைக் காணோம்.

அடையாள அட்டைகள், வழிச் செலவுப் பணம், வீட்டு அம்மாளின் இரண்டு வளையல்கள் எல்லாம் பீரோவுக்குள்ளே இருந்தன. “நீங்கள்தானே கடைசியாகத் திறந்தீர்கள்?” என்று வீட்டு அம்மாள் கேட்டாள். நியாயமான கேள்வி என்று இப்போது ஒப்புக்கொள்கிறோம். அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. பதினோரு வயதுப் புத்திரன் இரண்டு நாளைக்கு முன்பு அதே சாவியைக் கயிற்றில் கட்டிச் சுழற்றி விளையாடியது நம் ஞாபகத்துக்கு வந்தது. விசாரணை நடத்தினோம். “நான் எடுக்கலை அப்பா” என்றான். மறுபடி கேட்டோம், மறுபடியும் அதையே சொன்னான். முதுகில் ஓர் அறை விழுந்தது. “உன்னை அழைத்துக்கொண்டு போகப்போவதே இல்லை” என்றும் சொல்லிவிட்டோம். அவன் அழவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

நான்கு மணிக்கு இஸ்திரிக்காரர் துணிமூட்டையுடன் வந்தார். “சார், உங்க சட்டைப் பையிலே இது இருந்தது” என்று சாவியை நீட்டினார். காலையில் கடைக்கு அணிந்து சென்ற சட்டை அது. பிரயாணத்துக்கும் ஆகும் என்று நாமேதான் இஸ்திரிக்குப் போட்டிருந்தோம்.

வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நாம் கதவுக்குப் பின்னால் போய், “தப்பு அப்பா பேரில்தான், கண்ணா” என்றோம். தலையை மட்டும் அசைத்தான். எழுந்து வந்து, தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கினான். வாய் திறக்கவில்லை.

ஆறு மணிக்கு ஆட்டோவில் ஏறினோம். தெருமுனை தாண்டியதும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாய் நின்றுகொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் ஆட்டோ நூறு கஜம்கூட நகரவில்லை. அப்போதுதான் பையன் வாய் திறந்தான்: “அப்பா, நம்ம ஸ்டேஷன்லயே ரயில் வருமே!”

தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது இந்த இராயபுரத்திலிருந்துதான். இதை வருஷந்தோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். 1873-ல் சென்ட்ரலும் 1908-ல் எழும்பூர் நிலையமும் வந்த பிறகு அதன் பழைய மகிமை போய்விட்டது. இன்று உயர்ந்த தூண்களுடன் அமைதியாக நிற்கிறது. புறநகர் மின்சார வண்டிகள் மாத்திரம் அங்கே நிற்கின்றன. சரித்திரம் சொல்லிக்கொடுத்த நமக்கு அந்த வழி தோன்றவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தோன்றிற்று. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அடுத்த நிலையமான கடற்கரையில் வண்டி மாறி, கோட்டையும் பூங்காவும் தாண்டி எழும்பூரில் இறங்கியபோது, நம் வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

செங்கற்பட்டு தாண்டியபின், மேல் படுக்கையிலிருந்து பையன் தலையை நீட்டி, “அப்பா, பள்ளிக்கூடத்திலே பையன்களை அடிப்பீர்களா?” என்று கேட்டான்.

“இல்லை. அடிக்கக்கூடாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் 17-வது பிரிவு இருக்கிறது.”

“வீட்டுக்கு அந்த மாதிரி சட்டம் கிடையாதா?”

நேயர்களே, இருபது வருஷ உபாத்திமைத் தொழிலில் இவ்வளவு சிறிய கேள்விக்கு இவ்வளவு நேரம் நாம் விழித்ததில்லை. பிறத்தியார் குழந்தைகளிடம் சட்டத்துக்குப் பயந்து பொறுமை காட்டுகிறோம். சொந்தக் குழந்தையிடம் கேட்பாரில்லை என்பதால் கை நீளுகிறது. மோட்டாரின்மேலும் ஜிப்பின்மேலும் வந்த கோபம், பதிலுக்கு ஒன்றும் செய்யமுடியாத ஒருவன் முதுகில் போய் இறங்கிற்று. இதற்குக் கண்டிப்பு என்று பெயர் சொல்லிக்கொள்ள நமக்கு வாய் வரவில்லை.

“இனிமேல் உண்டு” என்றோம்.

ஊர் திரும்பியதும் சாவிக்கென்று சுவரில் ஓர் ஆணி அடித்தோம். வீட்டுச் சட்டத்தை எழுதும் பொறுப்பைப் பையனிடமே ஒப்படைத்தோம். முதல் விதியை அவன் பெரிய எழுத்தில் எழுதி, பீரோவின்மேல் ஒட்டியிருக்கிறான்: ‘எந்தப் பொருள் காணாமற்போனாலும் முதலில் அப்பாவின் சட்டைப் பையைப் பார்க்கவேண்டும்.’