ஆறு மணி நேர மருந்து

'அணு' என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? அணுகுண்டு, அடுத்து, அணுமின் நிலையம். இனி மருத்துவமனையும் நினைவுக்கு வரவேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

எக்ஸ்-கதிர்ப் படம் எலும்பின் வடிவத்தைக் காட்டும். இதயத் தசைக்குப் போதிய இரத்தம் செல்கிறதா என்று அறிய அது போதாது. அதற்காக டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தைச் சிறிதளவு நோயாளியின் இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அது இதயத் தசையில் தங்கிக் காமாக் கதிர்களை வெளியிடும். வெளியே உள்ள காமாக் காமிரா அவற்றைப் படமாக்கும். இரத்தம் குறைவாகச் செல்லும் பகுதி படத்தில் மங்கித் தெரியும்.

இப்பொருளின் அரை ஆயுள் 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். நோயாளிக்கு இது நன்மைதான். ஆனால் மருத்துவமனை இதை வாங்கிச் சேமித்து வைக்க முடியாது! ஆகவே, 66 மணி நேர அரை ஆயுளுள்ள மாலிப்டினம்-99 அடங்கிய கலத்தை வரவழைக்கிறார்கள். மாலிப்டினம் சிதைந்து டெக்னீஷியமாக மாறும். உப்பு நீரைச் செலுத்தி அதைப் பிரித்தெடுப்பர். இக்கலத்துக்குப் 'பசு' என்றும், பிரித்தெடுப்பதற்குப் 'பால் கறத்தல்' என்றும் வேடிக்கைப் பெயர்கள் உண்டு. ஓரிரு வாரங்களில் இந்தப் பசுவும் வற்றிவிடும்.

மாலிப்டினம்-99 பெரும்பாலும் உலகின் ஒரு சில ஆராய்ச்சி அணு உலைகளிலேயே தயாராகிறது. கனடாவில் சாக் ரிவர் என்னுமிடத்தில் 1957இல் இயங்கத் தொடங்கிய உலை அவற்றுள் முக்கியமானதாக இருந்தது. கனநீர்க் கசிவால் அது 2009 மே மாதம் நின்றது. மீண்டும் இயங்க 15 மாதங்கள் ஆயின. இதற்கிடையே, 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்பதற்காக நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் நோயாளிகளின் பரிசோதனைகள் தள்ளிப்போயின. கனடா உலை 2018இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

அணு உலை என்றால் ஆபத்தும் கழிவும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், கண்காணிப்பும் கட்டுப்பாடும் கட்டாயம் வேண்டும். ஆனால், அச்சத்தால் மாற்று ஏற்பாட்டைத் தள்ளிப்போட்டால், அதன் துன்பம் நோயாளியின் தலையில்தான் விழும். ஓர் ஊருக்கு ஒரே கிணறு இருந்தால், அது வற்றும்வரை காத்திருப்போமா? பழைய உலைகள் நிற்கும் முன்பே புதிய உலைகளையும், சைக்ளோட்ரான் போன்ற வேறு வழிகளையும் நாடுகள் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

நாளை இதை முடிவு செய்யப்போகிறவர்கள் நீங்கள். 'அணு' என்ற சொல்லைக் கேட்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். எவ்வளவு, எதற்காக, எத்தகைய பாதுகாப்போடு என்று கேட்டுப் பழகுங்கள்!