முப்பது விநாடியும் முப்பது வருடக் கடனும்

கனடாவின் ரொறன்ரோ நகரிலும், அதன் பகுதிகளாயும் அயலாயும் உள்ள ஸ்காபரோ, மார்க்கம் முதலிய இடங்களிலும் வாழும் நம்மவரிடையே வீட்டுக் கடன் முகவர் என்றொரு தொழில்வகுப்பினர் வளர்ந்துள்ளனர். கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கும் வீடு வாங்குவோருக்கும் இடையே நின்று ஈட்டுக் கடனை ஒழுங்குசெய்து கொடுப்பது இவர்தம் பணி. முன்னர் இவர்கள் அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளிலும், விழா மலர்களிலும், தமிழ் வானொலியிலும் தம்மை விளம்பரஞ் செய்துவந்தனர். இன்றோ, கைத்தொலைபேசியில் ஓடும் குறுங்காணொளிகள் இவர்களுட் பலருக்குப் புதிய கடைத்தெருவாகிவிட்டன.

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட பக்கத்தில் வட்டிக் கணக்குப் பேசுவானேன் என வாசகர் சிலர் வினவக்கூடும். காரணம் இரண்டு. இக்காணொளிகள் கடல் கடந்து நமது முற்றத்துக்கும் வருகின்றன. அங்கே அண்ணன் படும் கடன், இங்கே தங்கையின் திருமணத்தையும் தாயின் மருந்துச் செலவையும் தொடாமற் போவதில்லை. இரண்டாவதாக, இது மொழியைப் பற்றிய ஒரு விடயமுமாகும். கடனைப் பற்றிப் பேசும் புதியதொரு தமிழ் நம் கண்ணெதிரே உருவாகிவருகின்றது. அதனைச் செய்வோர் வியாபாரிகள் என்பதற்காகத் திறனாய்வு அதனைப் பாராமுகமாக விட்டுவிடுதல் தகாது.

குறுங்காணொளி என்னும் வடிவம் மிக அண்மையில் தோன்றியது. டிக்டொக் சீனாவுக்கு வெளியே 2017இல் வந்தது. 2018இல் மியூசிக்கலி என்னும் தளத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு உலகெங்கும் பரவிற்று. 2020இல் இன்ஸ்ரகிராம் தன் 'ரீல்ஸ்' பகுதியைத் திறந்தது. யூரியூப்பும் 'ஷோர்ட்ஸ்' என்ற பெயரில் அதே வழியைப் பின்பற்றியது. ஒரு காணொளியை எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பது அதனை மேலும் பரப்புவதற்கு இத்தளங்கள் கொள்ளும் முக்கிய அளவுகோல்களுள் ஒன்று. சொன்னது முழுமையானதா என்பதை அந்த அளவுகோல் அளப்பதில்லை. ஆகவே முதல் இரண்டு மூன்று விநாடிக்குள் பார்ப்பவரின் விரலைத் தடுத்து நிறுத்துவதே இவ்வடிவத்தின் முதல் இலக்கணமாயிற்று.

கடந்த சில மாதங்களாக இவ்வகைக் காணொளிகள் பலவற்றை நான் ஊன்றிப் பார்த்துவந்தேன். அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முதலில் ஓர் உறுத்தும் கேள்வி: வாடகை கட்டி இன்னொருவருடைய கடனை ஏன் அடைக்கிறீர்கள்? அடுத்து ஓர் அச்சம்: இப்போது வாங்காவிட்டால் இனி எப்போதும் வாங்கமுடியாது. பின்னர் ஒரு தீர்வு; அதனைச் சொல்பவர் நம் ஊர்ப் பேச்சில், நம் வீட்டுப் பிள்ளையைப் போலப் பேசுகின்றார். முடிவில் ஓர் இளங்குடும்பம் புது வீட்டு வாசலில் சாவியுடன் நின்று சிரிக்கின்றது. பின்னணியில் சினிமாப் பாட்டு ஒலிக்கின்றது. காணொளியைக் கண்ட மறுகணமே எவரும் கடன் எடுக்கப்போவதில்லை என்பது முகவருக்கும் தெரியும். நாள்தோறும் முகங்காட்டி வந்தால், என்றோ ஒருநாள் வீடு வாங்கும் எண்ணம் எழும்போது அந்த முகமே முதலில் நினைவுக்கு வரும். எனவே அங்கு விற்பனைக்கு வருவது பழக்கமும் அதனால் விளையும் நம்பிக்கையுமே.

இதனை முற்றாகப் பழித்துரைப்பது நீதியன்று. ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் ஓடும் கடன் ஒப்பந்தத்தைக் கண்டு மருண்டு நின்ற ஒரு தாய்க்கு, நிலையான வட்டி எது, மாறும் வட்டி எது என்று தமிழில் எடுத்துச்சொன்னவர்கள் இந்த முகவர்களுள் உளர். சிலர் பொறுப்புடன், நிதானமாக, கணக்கைப் பலகையில் எழுதியே விளக்குகின்றனர். பள்ளியும் பல்கலைக்கழகமும் செய்யாது விட்ட ஒரு பணியை வியாபாரம் தன் தேவைக்காகவேனும் செய்கின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். எனது வினா வேறு. முப்பது விநாடியில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லமுடியாது? சொல்லமுடியாத அந்தப் பகுதியிலேதான் வீடு நிலைப்பதும் போவதும் தங்கியிருக்கிறதென்றால், அப்போது என்ன செய்வது?

கனடாவின் வீட்டுக் கடன் முறையை ஒரு சிறிது நோக்குவோம். கடனை அடைத்து முடிக்கும் காலம் 25 வருடமாகவோ 30 வருடமாகவோ இருக்கும். ஆயின் வட்டி வீதம் அவ்வளவு காலத்துக்கும் உறுதி செய்யப்படுவதில்லை. பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கே ஒப்பந்தம். ஐந்து வருடம் முடிந்ததும் அன்றைய சந்தை வட்டியில் அதனைப் புதுப்பிக்கவேண்டும். 2020 மார்ச் தொடக்கம் 2022 மார்ச் வரை கனடா மத்திய வங்கியின் கொள்கை வட்டி 0.25 சதவீதமாக இருந்தது. வட்டி நெடுங்காலத்துக்குத் தாழ்ந்தே இருக்குமென அவ்வங்கியின் ஆளுநர் டிஃப் மக்லெம் 2020 ஜூலையில் நாட்டு மக்களுக்கு உறுதி கூறினார். நடந்தது யாது? 2022 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் இடையில் அந்த வீதம் பத்து முறை உயர்த்தப்பட்டு 5 சதவீதத்தை எட்டியது. 2024 ஜூனிலேதான் அது இறங்கத் தொடங்கியது. மத்திய வங்கியின் ஆளுநருக்கே புலப்படாத எதிர்காலத்தை ஒரு குறுங்காணொளி அறுதியிட்டுச் சொல்லுமாயின், அதனை நாம் எவ்வளவு நம்பலாம்?

ஓர் எடுத்துக்காட்டு. காப்புறுதிக் கட்டணம் முதலியவற்றை நீக்கி, முதல் மட்டும் 500,000 டொலர் எனக் கொள்வோம். 25 வருடக் கணக்கில், 2 சதவீத வட்டிக்கு மாதத் தவணை ஏறத்தாழ 2,117 டொலர். ஐந்து வருடம் தவறாது கட்டிய பின் எஞ்சும் முதல் ஏறத்தாழ 419,000 டொலர். அதனை 4.5 சதவீதத்தில் புதுப்பித்தால் மாதத் தவணை 2,640 டொலராகின்றது. கடன் குறைந்திருக்கிறது, கட்டும் பணமோ நாலில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. ஊருக்கு அனுப்பும் பணமும், பிள்ளையின் படிப்புச் செலவும், இரண்டாம் வேலைக்குப் போவதா என்ற கேள்வியும் இந்த ஐந்நூற்றுச் சொச்சம் டொலருக்குள்ளே அடங்கியுள்ளன. மாறும் வட்டிக்குக் கடன்பட்டு, தவணை மட்டும் மாறாதென ஒப்பந்தஞ் செய்தோர் சிலரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வட்டி ஏறிய காலத்தில் அவர்கள் கட்டிய தவணை வட்டிக்கே போதாமற் போய், மாதந்தோறும் கட்டியும் முதல் வளர்ந்தது.

சட்டம் இதனைக் கருதாமலில்லை. ஒப்பந்த வட்டியிலும் கூடியதொரு வட்டிக்குத் தவணை கட்டும் ஆற்றல் உண்டா என்று கடன் கேட்போரைச் சோதிக்கும் முறை அங்கே உண்டு. 2021 ஜூனிலிருந்து அச்சோதனையின் கீழெல்லை 5.25 சதவீதம். அச்சோதனையில் தேறியோரே பெரும்பாலும் இன்று தாக்குப்பிடித்து நிற்கின்றனர். ஆயின் தாக்குப்பிடிப்பதும் நன்றாக வாழ்வதும் ஒன்றல்லவே.

இன்னுமொன்று. 2024 டிசம்பர் 15 முதல், 20 சதவீதத்துக்குக் குறைந்த முற்பணத்துடன் முதன்முறை வீடு வாங்குவோரும், புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குவோரும் 30 வருடத்தில் கடனை அடைக்கலாம் எனக் கனடா அரசு இடமளித்தது. மாதத் தவணை குறையும் என்ற செய்தி காணொளிக்கு மிகப் பொருந்துவது; ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அது பொய்யுமன்று. அதே 500,000 டொலருக்கு 4.5 சதவீத வட்டியென வைத்துக்கொண்டால், 25 வருடத் தவணை ஏறத்தாழ 2,767 டொலர்; 30 வருடத் தவணை 2,521 டொலர். மாதம் 246 டொலர் மிச்சம். ஆனால் வட்டி அதே நிலையில் இருக்குமாயின், முப்பது வருட முடிவில் கூடுதலாகக் கட்டும் வட்டி ஏறத்தாழ 77,000 டொலர். முதற் பாதியை மட்டும் சொல்லி நிறுத்துபவர் பொய் சொன்னவராகார். இருந்தும் கேட்டவர் ஏமாந்துபோகலாம்.

உருவமா உள்ளடக்கமா என்று நம் எழுத்தாளர் நெடுங்காலம் வாதாடியுள்ளனர். இங்கே உருவமே உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்கின்றது. சாவி படத்தில் அடங்கும்; புதுப்பித்தல் அடங்காது. சிரிப்பு அடங்கும், தவணை தவறினால், ஒன்ராறியோ மாகாணத்தில் கடன் கொடுத்தவர் நீதிமன்ற வழக்கு முடியுமட்டும் காத்திராமலே வீட்டை விற்கும் அதிகாரம் பெற்றிருக்கிறார் என்பது அடங்காது. வங்கி மறுத்தவர்களுக்கும் கடன் எடுத்துத் தருவோம் என்ற வாக்குறுதி அடங்கும்; அக்கடன் பெரும்பாலும் தனியாரிடமிருந்து வருவது, உயர்ந்த வட்டிக்கும் குறுகிய தவணைக்கும் உரியது, கட்டணமும் தனியே உண்டு என்பவை அடங்கமாட்டா.

சொற்களும் மாறிவிட்டன. நகையை அடைவு வைத்தோம், காணியை ஈடு வைத்தோம், ஒற்றி வைத்தோம். ஒற்றியில் காணியின் ஆட்சி கடன் கொடுத்தவரிடம் சென்றது. வட்டிக்குப் பதிலாக விளைவை அவரே எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருந்தமையால், எதைக் கொடுக்கிறோம், எது நம் கையை விட்டுப் போகிறது என்பது சொல்லிலேயே தெரிந்தது. இக்காணொளிகளில் 'கனவு இல்லம்' உண்டு, 'மோட்கேஜ்' உண்டு, ஈடு என்ற சொல்லை நான் கேட்டது மிக அரிது. வாங்கும் வீட்டையே ஈடாக வைத்துத்தான் அந்த வீட்டை வாங்குகிறோம் என்ற அடிப்படை உண்மை, அந்தச் சொல்லோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது.

1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை காணி விற்பனைக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தது. விற்கும் எண்ணத்தை அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அறிவித்தல்வேண்டும். முன்னுரிமை உடைய சுற்றத்தாரும் பங்காளரும் அதற்குள் முன்வந்து தம் எண்ணத்தைத் தெரிவிக்கலாம். அந்த முன்னுரிமையில் நியாயமும் இருந்திருக்கலாம். சாதியும் சுற்றமும் பிறரை ஒதுக்கிய அநியாயமும் இருந்திருக்கலாம். அந்த உலகத்தை மீட்டுக் கொண்டுவர நான் விரும்பவில்லை. ஆயினும் காணி பற்றிய முடிவுக்குக் காலம் வேண்டும், நாலு பேர் காதில் அது விழவேண்டும் என்ற எண்ணம் அதிலே இருந்தது. கைத்தொலைபேசியிலோ ஒருவர் தனித்திருந்து பார்க்கிறார். தனித்திருந்தே முடிவுக்கும் வருகிறார்.

இனிச் செய்யத்தக்கது யாது? ஒன்ராறியோவில் ஈட்டுக் கடன் தரகு பற்றிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முகவர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். விளம்பரத்தில் தாம் சார்ந்த தரகு நிறுவனத்தின் பெயரையும் உரிம இலக்கத்தையும் காட்டுதலும் வேண்டும். பிரித்தானியாவின் நிதி நடத்தை அதிகாரசபை 2024 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சமூக ஊடக விளம்பரம் ஒவ்வொன்றும் தனித்து நின்றே நேர்மையானதாக இருக்கவேண்டும். நன்மையோடு ஆபத்தும் கண்ணுக்குத் தெரியும்படி சொல்லப்படவேண்டும். எச்சரிக்கையை 'மேலும் பார்க்க' என்ற சொல்லின் பின்னே ஒளித்துவைத்தல் ஆகாது. இது நல்ல நெறி. ஆனால் தமிழிற் பேசும் காணொளியை அந்நாட்டு அதிகாரி எவ்வளவு தூரம் கேட்டறிவார்? அந்தக் காவலைத் தமிழ் கேட்கும் நாமே செய்யவேண்டியிருக்கிறது.

முகவரிடம் நான்கு வினாக்களைத் தமிழிலேயே கேட்கப் பழகுவோம். இந்த வட்டி எத்தனை வருடத்துக்கு? புதுப்பிக்கும்போது வட்டி இரண்டு சதவீதம் கூடினால் என் தவணை எவ்வளவு? கடைசித் தவணை வரை நான் கட்டும் மொத்தப் பணம் எவ்வளவு? உமக்கு ஊதியம் தருபவர் யார்? கடன் கொடுப்பவரே முகவருக்குத் தரகு கொடுப்பது அங்கே வழக்கம், அதிற் குற்றமில்லை. ஆயினும் அதனை அறிந்து பேசுவது வேறு, அறியாது பேசுவது வேறு. இவ்வினாக்களுக்கு முகங்கோணாது விடை தருபவர் நல்ல முகவர். அவரது காணொளியை நாமும் பிறருக்கு அனுப்பலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டு வட்டியைக் கற்பிக்கும் வகுப்பில், நான் மேலே காட்டிய 25 வருட, 30 வருடக் கணக்கை மாணவரைக் கொண்டு செய்வியுங்கள். தமிழ் வகுப்பில் அத்தகைய காணொளி ஒன்றை எடுத்து, சொல்லப்பட்டது எது, சொல்லாமல் விடப்பட்டது எது என்று இரு நிரல்களில் எழுதச் சொல்லுங்கள். அம்மாணவருட் சிலர் நாளை கனடாவிலோ இலண்டனிலோ கொழும்பிலோ ஒரு மேசையின் முன் அமர்ந்து கடன் பத்திரத்தில் ஒப்பமிடப் போகிறவர்கள். அன்றைக்கு அவர்களுக்கு இந்த இரு நிரல்களும் நினைவுக்கு வருமாயின், அந்த வகுப்பு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.