'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிறீர்களா?

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் களிமண் கரைசலை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி பொம்மை செய்வார்கள். ஈரமேறிய அச்சைக் காயவைக்காவிட்டால் அடுத்த பொம்மை சரியாக வராது. தவறு உடனே கண்ணுக்குத் தெரிவதால், யாரும் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதில்லை.

வீட்டு கம்ப்யூட்டர் அப்படியில்லை. அப்டேட் செய்யாவிட்டாலும் இன்று ஓடும், நாளையும் ஓடும். அதனால்தான், அப்டேட் கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்பதையே அழுத்துகிறோம்.

2017 மே 12-ல் பரவிய 'வான்னாக்ரை' வைரஸ், சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டில் விண்டோஸ் 10 இருக்கிறதா? அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று செட்டிங்ஸில் பாருங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். அப்டேட் போடுங்கள். போட்டோக்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். சுவிட்சை அணைத்துவிட்டு, காற்றுத் துளைகளில் படிந்த தூசியைத் தட்டுங்கள்.

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்களை எங்கே வாங்குவது?